இலவசப் பிளேயருக்கு மூன்று கொட்டேஷன்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அலுவலகக் கணினியில் போட எந்த இலவச வீடியோ பிளேயர் நல்லது என்று கேட்டார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நான் போனை வைத்திருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்டால் பதில் மட்டும் தனியாக வராது என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை. பணியில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. போகப் போகத் தெரிந்துகொள்வார். அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

எந்தத் துறை, எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், பேச்சு தமிழிலும் கோப்பு மலையாளத்திலும் நடக்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே சூப்பிரண்டு. சுற்று வட்டாரத்துப் பால் சங்கங்களில் யாராவது யார்மீதாவது புகார் எழுதினால், அதற்கு விசாரணை ஏற்பாடு செய்வது எங்கள் வேலைகளில் ஒன்று. பால் குறைந்த காலத்திலும் புகார் குறைந்ததில்லை.

எருத்தேன்பதிக்குப் போகும் வழியில் ஒரு சின்னச் சங்கம். அங்கே ரங்கநாயகி என்பவர் பால் வாங்கும் அறையில் வேலை பார்த்தார். ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பாலைச் சோதித்து, அளந்து, கேனில் ஊற்றி வண்டிக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் அந்தச் சங்கத்தின் பாலில் தண்ணீர் இருப்பதாகக் குளிரூட்டும் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றியது ரங்கநாயகிதான் என்று சங்கத்தின் செயலாளர் எழுதிக்கொடுத்து, அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தியும் வைத்தார். அறையில் கேமரா இருந்தது. அந்தக் காலை நேரத்துப் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு, ஆதாரம் என்று எங்களிடம் கொடுத்தார்.

பதிவைக் கணினியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பென்டிரைவை உறையிலிட்டு, இரு தரப்பார் முன்னிலையில் அரக்கு முத்திரை வைத்தோம். அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. அதன் பிறகுதான் கணினி என்ற பொருள் இடையில் வந்தது.

நகலைத் திறந்தால், இந்த வகைக் கோப்பை இயக்க முடியாது என்று கணினி சொன்னது. எங்கள் எழுத்தர் சந்தோஷ், பாலக்காட்டுக்காரர், நல்ல பையன், அதே பொத்தானை இன்னும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்பைவிட அழுத்தமாகத் தட்டிப் பார்த்தார். கோப்புகளைத் தட்டித் திறக்கலாம் என்ற நம்பிக்கை நம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியது. திறக்கவில்லை. கேமராக் கருவிகள் தங்கள் பதிவைத் தங்களுக்கே உரிய ஒரு வடிவத்தில் சேமிக்கும். சாதாரணப் பிளேயருக்கு அது புரியாது. வேறு பிளேயர் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தச் சமயம் நான் மூணாறுப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பார்வையிட அனுப்பப்பட்டிருந்தேன். சிக்னல் கிடைக்கிற ஒரு வளைவில் நின்றுகொண்டு, நான் வரும்வரை கணினியில் எதையும் நிறுவ வேண்டாம் என்று சந்தோஷிடம் சொன்னேன். காத்திருப்பவனைச் சோம்பேறி என்றும், தப்பாகவாவது எதையோ செய்கிறவனைச் சுறுசுறுப்பானவன் என்றும் மதிக்கிற அலுவலகம் அது. நான் மலையிறங்குவதற்குள், பிளேயர் வாங்குவதற்கென்று ஓர் அலுவலகக் கோப்பு மேஜை மேஜையாக ஓடி முடிந்திருந்தது.

திரும்பி வந்து அந்தக் கோப்பைப் படித்தேன். என் பணிக்காலத்தில் பல கோப்புகளைப் படித்து வருந்தியிருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தது அதைப் படித்துத்தான். தலைப்பு: இலவச வீடியோ பிளேயர் கொள்முதல். கொள்முதல் என்றால் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது விதி. ஆகவே இலவசப் பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் எடுத்து, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, குழு கூடி முடிவெடுத்திருந்தார்கள்.

அட்டவணையில் முதலாவது, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் பிளேயர். நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். விலை: இல்லை. இரண்டாவது, கேமராவைச் செய்த நிறுவனமே தன் பதிவுகளைப் பார்ப்பதற்கென்று தரும் பிளேயர். அது எந்த நிறுவனம் என்று யாரும் விசாரித்து எழுதியிருக்கவில்லை. விலை: இல்லை. மூன்றாவதன் பெயரில் அல்ட்ரா, ப்ரோ, மேக்ஸ் என்ற மூன்று சொற்களும் இருந்தன. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று விலை எழுதி, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்து, இன்று மட்டும் இலவசம் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் என்றைக்குப் பார்த்தாலும் இன்று மட்டும்தான்.

கணக்குப் பிரிவு முதல் இரண்டையும் ஏற்கவில்லை. விலையில்லாத பொருளை இருப்புப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது? மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் தணிக்கையில் ஒரு கேள்வி வரும். வெறுமனே விட்டால் இரண்டு கேள்வி வரும். மூன்றாவதில் அந்தத் தொல்லை இல்லை. அடிக்கப்பட்டிருந்தாலும் அதற்கு ஒரு விலை இருந்தது. ஆகவே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, இதனால் அரசுக்கு முழுத்தொகையும் மிச்சம் என்று குறிப்பெழுதி, மூவர் கையெழுத்திட்டிருந்தார்கள். அட்டவணையில் முதலாவதைப் போன்ற கட்டற்ற மென்பொருளுக்குப் பேர்போன மாநிலம் நம்முடையது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதில்தான் படம் வரையப் பழகுகிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் செய்தி வந்திருந்தாலும் தபால் பிரிவில்தான் கிடந்திருக்கும்.

நான் சிரித்து முடிப்பதற்குள் விசாரணை நாள் வந்துவிட்டது.

விசாரணை அதிகாரி பாலக்காட்டிலிருந்து வந்த அம்மையார். நேர்மையானவர், வேகமானவர், தமிழ் தெரியாதவர். ரங்கநாயகிக்கு மலையாளம் காதில் ஏறும், நாவில் வராது. அதனால் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். எதிரே செயலாளர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. புகாரை எழுதியவருக்குக் குற்றத்தைப் பற்றிச் சந்தேகம் இருக்காது என்பது இயல்பு. இவருக்குத் தீர்ப்பைப் பற்றியும் இல்லை.

சந்தோஷ் கணினித் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிவைத்துப் பிளேயரைத் திறந்தார். முதலில் முடி வளர்க்கும் எண்ணெய் வந்தது. செயலாளர் வழுக்கைத் தலையர். அதிகாரி அவரைப் பார்க்காமல் இருந்தது அவருடைய பண்பு. அடுத்து, ரம்மி ஆடினால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சந்தோஷ் மூடும் குறியைத் தேடிப் பிடித்து அழுத்த, அது இன்னொரு ஜன்னலைத் திறந்தது. நமது கணினி ஆபத்தில் இருக்கிறது என்று அது எச்சரித்தது. அன்று அந்த இயந்திரம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஒருவழியாகப் படம் ஓடியது. பால் வாங்கும் அறை. ரங்கநாயகி வாளியோடு குழாயடிக்குப் போகிறார். தண்ணீர் பிடிக்கிறார். திரும்பி வருகிறார். ஓர் அலுமினியக் கேனின் அருகே குனிந்து வாளியைச் சாய்க்கிறார். தண்ணீர் கேனுக்குள் விழுகிறது. படம் நின்றது.

“இதுக்கு மேல என்னத்தைங்க பாக்கறது?” என்றார் செயலாளர். “கண்ணுல கண்டாச்சு.”

அதிகாரி பேனாவை எடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் அதே படத்தைத்தான் பார்த்தேன்; நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் அதையேதான் பார்த்திருப்பீர்கள்.

ரங்கநாயகி அழவில்லை. எரிச்சல்தான் பட்டார். மிச்சத்தையும் போடச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். இவ்வளவுதான் இருக்கிறது என்று சந்தோஷ் சொன்னதும், திரையில் குனிந்த நிலையில் உறைந்து நின்ற தன் உருவத்தை விரல் நீட்டிக் காட்டினார்.

“ஏனுங்க சார், ஊத்திட்டு அப்பிடியே குனிஞ்சுட்டா நின்னுருப்பேன்? நானென்ன செலைங்களா? அப்பறம் ஊட்டுக்குப் போனனா இல்லீங்களா?”

இதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரைக் கேமரா பாதி அசைவில் விட்டுவிட்டுப் போகாது. பதிவை எடுத்துக்கொடுத்த செயலாளரும், வெட்டுவதானால், இத்தனை முட்டாள்தனமான இடத்தில் வெட்டமாட்டார். திரையை மறுபடி பார்த்தேன். படத்தின் நட்டநடுவில் மங்கலாக அந்த அல்ட்ரா ப்ரோ மேக்ஸின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. முழுமனதோடு இலவசமாகத் தருகிறவர்கள் அரசாங்க ஆதாரத்தின் நெற்றியில் தங்கள் பெயரை எழுதமாட்டார்கள்.

சந்தோஷைக் கேட்டேன். அந்தப் பிளேயருக்கும் கேமராவின் கோப்பை அப்படியே ஓட்டத் தெரியவில்லை. ஆனால் சாதாரண வீடியோவாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறது. இவர் சரி என்று அழுத்தியிருக்கிறார்.

“முழுசும் மாத்தியாச்சு சாரே,” என்றார். “நூறு சதமானம்னு எழுதிக் காட்டுச்சு.”

அந்தப் பிளேயரின் நிபந்தனைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். யாரும் படிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்படும் சிறிய எழுத்து. இலவசப் பதிப்பில் எந்த வீடியோவிலும் முதல் பாதி மட்டுமே மாற்றப்படும். மீதிக்குக் கட்டணம் செலுத்துக. அதாவது, சிவப்புக் கோட்டால் அடித்த அந்த விலை அடிபடவே இல்லை. எங்கள் அலுவலகம் பதிவேட்டில் ஏற்றுவதற்கு வசதியாக இருக்கிறதென்று அந்த விலையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. பாதி வீடியோவை நூறு சதவீதம் மாற்றிய மென்பொருளும், இல்லாத செலவை மிச்சம் பிடித்த குழுவும் ஒன்றையொன்று கண்டுகொண்டதில் வியப்பில்லை.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். அப்போது என் முன்னால் இருந்தவை இவை: அதிகாரிக்கு மாலைக்குள் பாலக்காட்டில் இன்னொரு விசாரணை. செயலாளருக்குப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. எங்கள் கணினிக்குள் எண்ணெயும் ரம்மியும் குடியேறிவிட்டன. இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம் என்று அதிகாரியே சொன்னார். தள்ளிவைப்பது எப்போதும் நியாயமாகத் தோன்றும். ஆனால் தள்ளிவைத்தால் ரங்கநாயகி, தண்ணீர் ஊற்றியதைப் படத்தில் பார்த்தார்களாம் என்ற பேரோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். அடுத்த விசாரணை நாள் வருவதற்குள் அந்தப் பேர் அவர் மேல் ஒட்டிக் காய்ந்திருக்கும்.

விதிமுறை தெரிந்தவனை எல்லோரும் முட்டுக்கட்டை என்பார்கள். கட்டை என்றால் நெம்புகோலாகவும் ஆகும். உறையைப் பிரிக்க இரு தரப்பாரும் விசாரணை அதிகாரியும் இருக்க வேண்டும்; மூவரும் அறையில்தான் இருந்தார்கள். ஆகவே மூலப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே ஒரு கோரிக்கை எழுதி அதிகாரியிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு ஒப்பமிட்டார். செயலாளர் ஆட்சேபித்தார். ஒருதரம் பார்த்ததையே எதற்காகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். திரும்பப் பார்ப்பதற்காக அல்ல, பார்க்காததைப் பார்ப்பதற்காக என்று அதிகாரி பதில் சொன்னார். அதுவரை வேகமானவர் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

பார்ப்பது எதில்? எங்கள் கணினியில் இனி ஒரு கல்யாண வீடியோவைக்கூட நம்பிப் பார்க்க முடியாது. என் சொந்த மடிக்கணினி பையில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. என் கணினியில் தெரிந்த காட்சியை, நான் ஜோடித்த காட்சி என்று செயலாளர் அடுத்த நாளே எழுதிக்கொடுப்பார். யாராலும் சந்தேகிக்க முடியாத இயந்திரம் அந்த அறையில் ஒன்றுதான் இருந்தது: அதிகாரியின் அலுவல் மடிக்கணினி. அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தார்.

எந்தப் பிளேயர்? இங்கே எனக்கு உதவியவர் செயலாளர். சங்கத்துக்குக் கேமரா வாங்கியது தான்தான் என்றும், சாதாரணச் சரக்கல்ல என்றும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் எதற்குக் கேட்கிறேன் என்று யோசித்தார் போலிருக்கிறது. அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கே போய், அவர்களுடைய பிளேயரை இறக்கினோம். தேடுபொறி முதலில் காட்டிய பச்சைப் பொத்தான்கள் எதையும் தொடவில்லை.

அப்போது கணக்குப் பிரிவின் தலைமை எழுத்தர் வாசலில் வந்து நின்றார்.

“அனுமதி இல்லாம நிறுவுனா, தணிக்கைக்கு யாரு சாரே பதில் சொல்றது?”

வாங்காத பொருளுக்குக் கொள்முதல் விதி பொருந்தாது என்றேன். விசாரணைக்காக, என் பொறுப்பில், அதிகாரியின் சம்மதத்தோடு, தற்காலிகமாக நிறுவப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன். தாள் கையில் வந்ததும் அவர் நிம்மதியாகப் போய்விட்டார். அவர் கேட்டது பதிலை அல்ல, பெயரைத்தான்.

முத்திரையை உடைத்தோம். பென்டிரைவைச் சொருகினோம். விளம்பரம் வரவில்லை. அசிங்கமான சாம்பல் நிற ஜன்னல், ஓரத்தில் தேதியும் நேரமும். காட்சி முதலிலிருந்து ஓடியது. குழாய், வாளி, கேன், குனிதல், தண்ணீர். முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது.

ரங்கநாயகி வாளியைக் கீழே வைத்தார். கேனைக் கழுத்தில் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினார். அப்படியே தூக்கிக்கொண்டு சாக்கடை ஓரத்துக்குப் போய்க் கவிழ்த்தார். வெறும் தண்ணீர் கொட்டியது. இன்னொரு வாளி பிடித்து இன்னொரு முறை அலசினார். கேனைத் தாங்கியில் தலைகீழாக வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார். பால் நிறைந்த கேன்கள் மூடி போட்டபடி எதிர்ச்சுவர் ஓரம் இருந்தன. வண்டி வந்து ஏற்றும்வரை அவர் அவற்றின் பக்கமே போகவில்லை.

காலிக் கேனைக் கழுவுவது குற்றமா என்று அதிகாரி கேட்டார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செயலாளர் பேனாக்களில் ஒன்றை எடுத்து, பார்த்து, திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு, எங்கேயோ தண்ணீர் சேர்ந்திருக்கிறதே, அது எப்படி என்று கேட்டார். நல்ல கேள்வி. அறையை விட்டுப் போகும்போது பாலாக இருந்தது, நிலையத்துக்குப் போகும்போது தண்ணீராக இருந்தது என்றால், நடுவில் ஒரு வண்டியும் ஒரு சாலையும் இருக்கின்றன. அதற்கு வேறு கோப்பு போட்டோம். நான் ஓய்வுபெற்றபோதும் அது நிலுவையில்தான் இருந்தது. நீங்கள் தேடினால் கிடைக்கும்.

இப்போது, போனில் கேட்டவருக்குப் பதில். எந்தப் பிளேயர் என்று கேட்கும் முன், அதைத் தருகிறவர் எதற்காகத் தருகிறார் என்று கேளுங்கள். கேமராக் கம்பெனி தருவது தன் கேமரா விற்க வேண்டும் என்பதற்காக, நேர்மையான காரணம். தன்னார்வலர்கள் தருவது, ஒருவர் செய்த தவற்றை இன்னொருவர் கண்டுபிடித்துக் காட்டும் இன்பத்துக்காக. அதைவிட நம்பகமான காரணம் உலகில் இல்லை. காரணம் புரியாவிட்டால், விற்கப்படும் சரக்கு நீங்கள்தான் என்று கொள்ளுங்கள். செய்தவரின் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். மூலத்தை மாற்றாமல் அப்படியே காட்டுவது எதுவோ அதை எடுங்கள். மாற்றித் தருகிறேன் என்று கேட்காமலே முன்வருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், அது மென்பொருளானாலும் மேலதிகாரியானாலும். விசாரணைக்கு முன்பே ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கடைசிவரை என்றால் கடைசிவரை. சந்தோஷ் முதல் நிமிடத்தைப் பார்த்து ஓடுகிறது என்று சொல்லி எழுந்துவிட்டார். இப்போது அவர் பதவி உயர்வு பெற்று, உங்களில் சிலருக்கு மேலே இருக்கிறார். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார். திட்டட்டும், இதையும் கடைசிவரை படித்தாரா என்று கேளுங்கள்.

ரங்கநாயகிமீது குற்றமில்லை, வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று பக்கம், நல்ல மலையாளம். நகலை வாங்கிக்கொள்ள அவர் அலுவலகத்துக்கு வந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். மகிழ்ச்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு ஏமாற்றம்.

“இத ஆரு படிப்பாங்க, சார்?” என்றார். “எத்தனையோ பேரு பால வேண்டாம்னு திருப்பி அனுப்பிச்சிருக்கறனுங்க. இப்ப அவுங்கல்லாம் சிரிக்கறாங்க. இவளே ஊத்தறவ, நம்மளச் சொல்ல வந்துட்டான்னு. நானு ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கி, மூணு பக்கம் இருக்குது, படிச்சுப் பாருங்கன்னு குடுக்கட்டுங்களா? அந்தப் படத்தப் போட்டுக் காட்டுங்க. முழுசா.”

விசாரணை ஆதாரத்தை வெளியில் காட்டக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, உண்மையில் அப்படி விதி இருக்கிறதா என்று தேடினேன். விசாரணை முடிந்தால் பொருளை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். பதிவு சங்கத்தின் உடைமை. சங்கம் உறுப்பினர்களுடையது. தங்கள் உடைமையை அவர்கள் பார்ப்பதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக நான் எதையும் தேடிக் கிடைக்காமல் போனதில்லை. சங்கத் தலைவருக்கு ஒப்புகைச் சீட்டோடு பென்டிரைவைக் கொடுத்தோம். செயலாளர் அப்போது விடுப்பில் போயிருந்தார். பால் கணக்குப் போடும் சங்கத்துக் கணினியில் கேமராக் கம்பெனியின் பிளேயரை நானே போய்ப் போட்டுக் கொடுத்தேன். அங்கே யாரும் கொட்டேஷன் கேட்கவில்லை.

ரங்கநாயகி வேலைக்குத் திரும்பிய காலை. பால் கொண்டுவந்தவர்கள் தூக்குவாளியும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். தலைவர் படத்தை ஓடவிட்டார். ஒரு பெண் ஒரு கேனைக் கழுவுகிறார், அவ்வளவுதான் கதை. தண்ணீர் கேனுக்குள் விழுந்த இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேன் கவிழ்ந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரங்கநாயகி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அளவுப் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. வரிசையில் முதலில் நின்ற பெரியவர், இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்த்தவர்போல, “அப்பறம்?” என்றார்.

“அப்பறமென்னங்க. கழுவிக் கவுத்தியாச்சு,” என்றார் ரங்கநாயகி.

பெரியவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கினார். மூடியைத் திறந்தார். சோதனைக் குழாயில் பாலை ஊற்றி, தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரை மெல்ல இறக்கினார். மொத்த வரிசையும் கணினியை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தது. ரங்கநாயகி அவசரப்படவில்லை.